அரிசி களைந்த தண்ணீர்

ஜூன் 2, திங்கள்

உரக் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இனிமேல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிய தேதியை இதில் எழுதிவைப்பதாக உத்தேசம். மற்றச் செடிகள் நாம் மறந்தால் சாகும். என்னுடையவை நாம் நினைத்துக்கொண்டே இருந்தால் சாகும். வேண்டிய தண்ணீரை இலையிலும் தண்டிலும் சேர்த்து வைத்திருக்கிற ஜாதி. மண் அடிவரை காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

பால்கனியில் ஜேட் இரண்டு தொட்டி, ஹவோர்த்தியா மூன்று, பாம்புச் செடி ஒன்று, அடுக்கடுக்காக இலை விடும் கிராப்டோபெட்டலம் ஒரு தட்டு நிறைய இருக்கிறது. நிலவுக் கள்ளியும் ஒன்று உண்டு. அது ஒட்டுக் கட்டியது. மேலே சிவப்பாக ஒரு உருண்டை, கீழே பச்சைத் தூண். சிவப்பு உருண்டைக்குச் சொந்தமாகப் பொங்கித் தின்னத் தெரியாது, பச்சைதான் சோறு போடுகிறது. எங்கள் வீட்டில் யார் சிவப்பு, யார் பச்சை என்று கேட்டால் அம்மா ஒன்று சொல்லுவாள், நான் ஒன்று சொல்லுவேன்.

அம்மா பிப்ரவரியில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பில் தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே படம் சொல்கிறது. பயிற்சி கொடுக்க வரும் எபினேசர் தம்பி போன சனிக்கிழமை வாக்கரைப் பிடிக்க வைத்து, கட்டிலிலிருந்து ஹால்வரை அவளை நடத்திக் காட்டினார். "கொஞ்ச நாள்ல வாக்கரே வேண்டாம்மா, நீங்களே போயிருவீங்க" என்றார். அம்மாவுக்கு அன்றைக்கு முகம் நிறையச் சிரிப்பு. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லாத குறைதான்.

எல்லாச் செடிக்கும் தண்ணீர் ஊற்றினேன். அடுத்தது இரண்டு வாரம் கழித்து.

ஜூன் 5, வியாழன்

ஓசூர்.

ஆணை மதியம் வந்தது. விதைப் பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருடமாக நெல்லும் உளுந்தும் முளைக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருப்பவளை, ஓசூரில் ஒரு கூடத்துக்கே பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். ஜூலை பதினான்காம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். முன்னாலும் ஒரு தடவை பதவி உயர்வு வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியிருந்த நேரம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவையும் எழுதிக் கொடுத்தால் அப்புறம் என் பெயரை யாரும் தேட மாட்டார்கள். ஓய்வு பெறும்வரை பாளையங்கோட்டை, அதே மேசை, மேசைக்கு மேலே அதே பல்லி.

ஆணையைப் படித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது, ரோஜாப் பூ மாதிரி இலை அடுக்கும் எச்செவேரியாச் செடி. இந்த ஊர் வெயிலில் மூன்று தடவை வைத்து மூன்று தடவையும் வெந்து செத்தது. ஓசூர்க் குளிருக்குக் கொழுகொழு என்று வரும். பெற்ற தாய் படுக்கையில் கிடக்கும்போது செடி ஞாபகம் வருகிறது பார் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

பால்கனியில் நின்று குரலைத் தாழ்த்தி, புனேயில் இருக்கும் தம்பி சங்கரனிடம் பேசினேன். "போகணும்னா போக்கா. ஆனா அம்மாவ யாரு பாப்பா?" என்றான். கேள்வியை என்னிடமே திருப்பிக் கொடுப்பதில் அவன் சின்ன வயசிலிருந்தே கெட்டிக்காரன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பேச ஆரம்பித்தபோது அவள் தலைமாட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. முடித்தபோது ஓடவில்லை.

ஜூன் 7, சனி

எபினேசர் வந்தார். அம்மாவால் காலை ஊன்றவே முடியவில்லை.

"உயிர் போகுது தம்பி. தரையில வச்சாலே சுள்ளுங்கு."

"போன வாரம் நல்லா நடந்தீங்களேம்மா."

"அது போன வாரம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் வாக்கரைச் சுவரோரம் மடக்கி வைத்தேன். பிறகு அம்மாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, தோளில் சாய்த்து, குளியலறைக்குக் கூட்டிப்போனேன். அம்மா மெலிந்த உடம்புதான். இருந்தும் நடக்காதவர்கள் கனக்கிறார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

கிராப்டோபெட்டலத்தில் அடி இலைகளைப் பிரித்தெடுத்தேன். ஆட்டி ஆட்டி, அடிமுனை கிழியாமல் முழுசாக எடுக்க வேண்டும். முனை போய்விட்டால் அந்த இலையிலிருந்து ஒன்றும் வராது. எடுத்தவற்றைச் செய்தித்தாளில் பரப்பி அலமாரி மேல் நிழலில் வைத்தேன். ஹாலில் வேலை செய்ததால் அம்மா கட்டிலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி பிரமு, எதுக்கு எலயப் பிச்சுத் தாள்ல பரத்தி வச்சிருக்க? மண்ணுல நட வேண்டியதுதான?"

"வெட்டு ஆறணும்மா. ஆறாம நட்டா அழுகிப்போகும்."

"பொறவு?"

"பொறவு மண்ணு மேல சும்மா வைக்கணும். தன்னால வேர் விடும், பக்கத்துலயே குட்டிச் செடி வரும்."

"தண்ணி?"

"இப்ப கெடையாது."

"பச்ச உசுரப் பட்டினி போடுத பாவம் உன்னத்தான் சேரும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கீழ்வீட்டு ஜெபராணி அக்கா மீன் குழம்பு கொண்டுவந்தாள். மாற்றுச் சாவி அவளிடம்தான் இருக்கிறது. நான் ஆபீஸ் போன பிறகு மதியம் வந்து அம்மாவுக்குச் சோறு எடுத்துக் கொடுப்பாள். அவளுக்கும் என் செடிகளைக் கண்டால் ஆகாது. "முள்ளுச்செடி வீட்டுல இருந்தா பொம்பளைக தனியாப் போயிருவாங்கன்னு சொல்லுவாங்க பிரமு" என்றாள். நாற்பத்து நான்கு வயதில் எனக்கு இதைச் சொன்னால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? குழம்பு நன்றாக இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

பெரிய ஜேட் அழுகிவிட்டது.

ஜூன் 14, சனி

அதிசயமாக இருக்கிறது. இன்னும் தண்ணீர் ஊற்ற முறை வரவில்லை. ஆனால் இலையெல்லாம் கண்ணாடிபோல் ஆகி, தொட்டால் கழன்று விழுகின்றன. தண்டை அமுக்கினால் விரல் உள்ளே போகிறது. வேரைக் கொட்டிப் பார்த்தேன், மண் சொதசொதவென்று இருந்தது. ஆற்று மணலும் செங்கல் தூளும் கரியும் கலந்த மண். அதில் தண்ணீர் தங்குவதென்றால் தினமும் யாராவது ஊற்றியிருக்க வேண்டும்.

சாரல் என்று சொல்லலாம். ஆனால் பால்கனிக்கு மேலே கூரை இருக்கிறது. மண்ணின் மேல்பரப்பில் வெள்ளையாக ஒரு ஏடு படிந்திருந்தது, புளிச்ச வாடை அடித்தது. கரியில் சுண்ணாம்பு கலந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் புளி ஊறவைக்க, காலையில் எடுத்து வைத்திருந்த அரிசி களைந்த தண்ணீரைத் தேடினேன். செம்பு கழுவிக் கவிழ்த்திருந்தது. நானே கொட்டியிருப்பேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஹவோர்த்தியாவில் இரண்டு போயின. பொறுக்க முடியாமல் ஜெபராணி அக்காவிடம் கேட்டுவிட்டேன்.

"அக்கா, மத்தியானம் வரும்போது செடிக்குத் தண்ணி ஊத்துறீங்களா?"

"உன் முள்ளுக்கு நான் எதுக்கு ஊத்தப் போறேன்? சோத்த வச்சிட்டு ரெண்டு வார்த்த பேசிட்டு எறங்கிருதேன். உங்க அம்மையவே கேளு."

அம்மாவிடம் கேட்டேன். "நான் கட்டில விட்டு எறங்கி எத்தன நாளாச்சு, என்னப் போய்க் கேக்க" என்றாள். நியாயம்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலி வைத்துவிட்டுப் போகிறேன். சாயங்காலம் வந்து பார்த்தால் நான் துடைத்து வைத்த மாதிரியே காய்ந்து கிடக்கிறது. அம்மாவுக்கு அடக்கிவைக்கிற சக்தி அதிகம் என்று எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 21, சனி

மிச்சத் தொட்டிகளை ஹால் கதவுப் பக்கத்திலிருந்து பால்கனியின் அந்தக் கோடிக்கு மாற்றினேன். அங்கே வெளிச்சம் நன்றாக விழுகிறது. பால்கனி வாசற்படி கொஞ்சம் உயரம், அதில் கிடந்த மிதியடி வழுக்கும் என்று எடுத்துவிட்டேன்.

எபினேசர் வந்து அம்மாவின் தொடையை அமுக்கிப் பார்த்தார். "என்னம்மா, தனியாப் பயிற்சி செய்யுறீங்களா? சதை நல்லா இறுகியிருக்கே" என்றார்.

"பிரமுதான் எண்ண போட்டு நீவி விடுதா" என்றாள் அம்மா.

நான் எண்ணெய் போட்டு ஒரு மாதம் ஆகிறது. "ஆமா தம்பி" என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் அரிசியைக் களைந்து முதல் தண்ணீரைச் செம்பில் எடுத்து வைத்தேன். இரண்டாவது தண்ணீரையும் இன்னொரு செம்பில் எடுத்து வைத்தேன். குழம்புக்கு ஒன்று போதும். இன்னொன்று எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சாயங்காலம் இரண்டு செம்பும் கவிழ்ந்திருந்தன. பால்கனிக் கோடியில் தொட்டிகளில் வெள்ளை ஏடு.

ஜூன் 26, வியாழன்

ஆபீசில் கண்காணிப்பாளர் கேட்டார். "என்னம்மா பிரமசக்தி, போறீங்களா, எழுதிக் குடுக்கிறீங்களா?" மதியம் உட்கார்ந்து, பதவி உயர்வு வேண்டாம் என்று கடிதம் எழுதினேன். கையெழுத்துப் போட்டு மடித்துப் பைக்குள் வைத்தேன். கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கையை நீட்டினாள். தூக்கினேன். குளியலறை வாசலில் என் இடுப்பில் பளிச்சென்று ஒரு வலி வெட்டியது. அந்த நிமிஷம் கையை எடுத்துவிடலாமா என்று தோன்றியது. இவள் விழ மாட்டாள். கையை எடுத்தால் தன் காலில் நின்றுவிடுவாள். எனக்குத் தெரியும்.

எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துவிட மனசில்லை, இருக்கட்டும்.

தெரிந்தும் ஏன் தூக்குகிறேன்? தூக்காவிட்டால் பேச வேண்டிவரும். பேசினால் அவள் நடக்கிறாள் என்றாகிவிடும். அவள் நடக்கிறாள் என்றால் நான் ஓசூர் போக வேண்டும். ஊர் தெரியாது, பாஷை பாதி தெலுங்கு, பாதி கன்னடம் என்கிறார்கள். ராத்திரி ஒரு வீட்டில் நான் மட்டும் பூட்டிக்கொண்டு படுத்ததே கிடையாது. அம்மாவுக்குக் கால் வராதவரை, போகாததற்குக் காரணம் அவள். எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த வீட்டில் இரண்டு பேர் படுத்துக் கிடக்கிறோம், ஒருத்திக்குத்தான் கட்டில் இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

தொட்டிகளை மொட்டை மாடிக்கு மாற்றினேன். எங்களுடையதுதான் கடைசி மாடி, அதற்கு மேல் ஒரு படிக்கட்டு ஏறினால் தளம். ஒவ்வொரு தொட்டியாக எடுத்துப்போகும்போது அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"எல்லாம் மேல போகுதும்மா. இனி வாரத்துக்கு ஒருக்காதான் நான் மேல ஏறுவேன்."

"வெயிலு கொளுத்துமேட்டி அங்க."

"அதுக்கு வெயிலு புடிக்கும்."

"மொட்ட வெயிலு யாருக்குப் புடிக்கும்" என்றாள்.

குடியிருப்புச் செயலாளர் தளவாய் சாரிடம் போய், படிக்கட்டில் கிடக்கும் பழைய சைக்கிளை எடுக்கச் சொன்னேன். படி விளக்கு எரியவில்லை, அதையும் மாற்றச் சொன்னேன். கைப்பிடிக் கம்பி ஓரிடத்தில் ஆடுகிறது, அதையும் சொன்னேன். "என்னம்மா, திடீர்னு?" என்றார். தொட்டி தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கிறதே, அதற்காகத்தான் என்றேன். பெரிய மனுஷர், உடனே ஆள் விட்டு எல்லாம் செய்து கொடுத்தார்.

ஜூலை 2, புதன்

மாடி மண் காய்ந்திருக்கிறது. நல்லதுதான். இரண்டு செம்பும் அப்படியே நிறைந்து, புளித்துப்போய்க் கிடந்தன. நானே கொட்டினேன். எதையோ தொலைத்தவள் மாதிரி ராத்திரிவரை எரிச்சலாக இருந்தது.

ஜூலை 4, வெள்ளி

ஆபீஸிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மேலே போனேன்.

ஈரம். வெள்ளை ஏடு. நிலவுக் கள்ளியின் தலையிலிருந்துகூட அரிசித் தண்ணீர் வழிந்து, சிவப்பு உருண்டையில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அபிஷேகமே நடந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உட்கார்ந்து, ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். எதற்கு என்று கேட்டால், அவள் படி ஏறிவிட்டாள் என்ற சந்தோஷம் பாதி. ஏறி வந்து ஊற்றிவிட்டு, மறுபடி இறங்கிப் போய், போர்வையை இழுத்து மூடிப் படுத்திருக்கிறாளே என்ற ஆத்திரம் பாதி.

கீழே போனேன். கையை நீட்டினாள். தூக்கினேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேர். உள்ளூர் விடுமுறை. காலையில் அம்மாவே சொன்னாள். "நீ போயி வடந் தொட்டுக் கும்பிட்டுட்டு வா. நான் என்ன ஓடியா போயிருவேன்?" ஜெபராணி அக்கா வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள். குடியிருப்பில் மற்ற எல்லோரும் டவுனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வடத்தைத் தொட்டேன். கூட்டத்தில் மூச்சு வாங்கி, தேர் வாகையடி முக்கு திரும்பும் முன்னாலேயே பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

கட்டிலில் அம்மா இல்லை. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. குளியலறை, சமையலறை, பால்கனி, எங்கும் இல்லை. கீழே ஓடி ஜெபராணி அக்காவைக் கேட்டால், "நான் சோறு வச்சிட்டு வரும்போது படுத்துல்லா இருந்தாங்க" என்று பதறினாள். அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினேன். தளத்தின் இரும்புக் கதவில் தளவாய் சாரின் பெரிய பூட்டு தொங்கியது. ஆள் இல்லாத நாளில் பூட்டிவிட்டுத்தான் போவார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவர் ஏன் பார்க்கப் போகிறார்?

கதவைத் தட்டினேன். "அம்மா."

கதவுக்குப் பக்கத்திலேயே குரல்.

"தேரு நெலைக்கு வந்துட்டா?"

"இன்னும் வரல. வாகையடி முக்குல நிக்கி."

"வடந் தொட்டியா?"

"தொட்டேன். வெயில்லயா இருக்க?"

"தண்ணித் தொட்டி நெழல் இருக்கு."

தளவாய் சாருக்கு போன் போட்டேன். கூட்டச் சத்தத்தில் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். எடுத்ததும், மாடிச் சாவி உடனே வேண்டும் என்று மட்டும் சொன்னேன். வர நேரமாகும் என்றார். நான் இந்தப் பக்கம் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். அம்மாவும் அந்தப் பக்கம் உட்கார்ந்த சத்தம் கேட்டது. செம்பைத் தரையில் வைத்த சத்தமும் கேட்டது.

"செடியெல்லாம் வாடிக் கெடந்துச்சு" என்றாள்.

"அது வாடாதும்மா. தண்ணிய அது உள்ளயே வச்சிருக்கும்."

"வச்சிருந்தா? வாய் தெறந்து கேக்கலைன்னு ஊத்தாம விட்டுரலாமா? கேக்காத உசுருக்குத்தான் பாத்து ஊத்தணும்."

அவள் செடியைப் பற்றித்தான் பேசினாள். நான் இவளிடம் எதையும் கேட்டதில்லை. கேட்காததையெல்லாம் இவள் ஊற்றி ஊற்றித்தான் என்னை வளர்த்தாள். இன்னமும் நிறுத்தவில்லை.

"அம்மா, நீ ஊத்துற தண்ணியிலதான் அதெல்லாம் சாவுது."

செம்பு தரையில் உரசி நகரும் சத்தம் கேட்டது.

"எல்லாமா?"

"பாதிக்கு மேல."

"நீ ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

சாவி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

தளவாய் சார் நெற்றியில் விபூதியும் கையில் பிரசாதப் பையுமாக மூச்சிரைக்க வந்து பூட்டைத் திறந்தார். அம்மாவைக் கண்டதும் திகைத்துப்போனார்.

"இவங்க எப்படி மேல வந்தாங்க? நடக்க முடியாதுல்லா?"

"நான்தான் சார் தூக்கிட்டு வந்து, கொஞ்சம் காத்தாட உக்கார வச்சேன்" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது.

அம்மா அதுவரை தன் காலில் நேராக நின்றுகொண்டிருந்தவள், சட்டென்று என் தோளைப் பிடித்து, இடது காலை இழுத்து இழுத்து இறங்கினாள். நான் தோள் கொடுத்தேன். தளவாய் சார் பின்னாலேயே செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பாத்து, பாத்து" என்றார்.

ஜூலை 9, புதன்

காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"ஏட்டி, கையக் குடு."

இரண்டு தம்ளரையும் எடுத்துக்கொண்டு அறை வாசல்வரை போனேன். உள்ளே போகவில்லை. அம்மா கையை நீட்டியபடி இருந்தாள். நேற்று எதுவும் நடக்காத மாதிரி.

"கையில காப்பி இருக்கும்மா" என்றேன்.

"வச்சிட்டு வா."

"ஆறிரும். நீ அடுக்களைக்கு வா, குடிப்போம்."

திரும்பி நடந்து சமையலறை மேடையில் தம்ளர்களை வைத்தேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பிப் பார்த்தால் ஓடிப்போய்க் கை கொடுத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். கட்டில் கிரீச்சிட்டது. அப்புறம் பாதம் தரையில் படும் சத்தம், நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக.

அம்மா வந்து, மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றே காபியைக் குடித்தாள். சர்க்கரை போடாத காபிக்கு வழக்கமாக முகத்தைச் சுளிப்பாள், அதுவும் இல்லை. தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். என் பக்கம் பார்க்காமல் கேட்டாள்.

"ஓசூர்ல குளிருமாமே?"

"குளிரும்னுதான் சொல்லுதாங்க."

"உங்கிட்ட ஸ்வெட்டர் இருக்கா?"

"இல்ல."

"வாங்கு" என்றாள்.

பையிலிருந்த கடிதத்தை ஆபீஸ் குப்பைக்கூடையில் கிழித்துப் போட்டேன். வேலையை ஒப்படைத்துவிட்டு, சனிக்கிழமையோடு விடுவிக்கும்படி எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

சாயங்காலம் பஸ். சங்கரன் ஆடி மாதம் வந்து கொஞ்ச நாள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறான். சொன்னதை நம்புகிறோம், வேறு வழி? ராத்திரி ஜெபராணி அக்கா வந்து துணைக்குப் படுப்பாள். எபினேசர் தம்பி, இனி தான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாக்கரை வேறு யாருக்கோ கொடுக்க எடுத்துப்போனார்.

செடிகளில் பிழைத்தது பாம்புச் செடி, ஒரு ஹவோர்த்தியா. நிலவுக் கள்ளியில் சிவப்பு உருண்டை அழுகி விழுந்துவிட்டது. பச்சைத் தூண் மட்டும் மொட்டையாக நிற்கிறது, பக்கத்தில் முளை கட்டுகிற மாதிரி ஒரு புடைப்பு தெரிகிறது. யார் பச்சை என்று நானும் அம்மாவும் இன்னும் பேசி முடிக்கவில்லை.

தாளில் பரப்பிய இலைகள் அலமாரி மேலேயே இருந்ததால் தப்பித்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் ரோஸ் நிற வேர், கடுகளவு குட்டி. தட்டில் மண் பரப்பி வைத்து அம்மாவிடம் கொடுத்தேன்.

"வாரத்துக்கு ஒருக்கா லேசாத் தெளிச்சா போதும். மத்த நாளு சும்மா பாத்துக்கிட்டா போதும்."

"சும்மா பாத்துக்கிட்டு இருக்கதுதான் கஷ்டம்" என்றாள் அம்மா.

படி இறங்கி வாசல்வரை வந்தாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலை இழுக்காமல், தளவாய் சார் வீட்டு வாசலைத் தாண்டித்தான் வந்தாள். தளவாய் சார் பார்த்தார். நான் ஆட்டோவில் ஏறியதும் அவளுக்கு முகம் கோணிக்கொண்டது. எனக்கும்தான். இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

ஜூலை 20, ஞாயிறு

ஓசூர் குளிர்கிறது. வேலை பரவாயில்லை. கூடத்தில் நான் சொன்னால் கேட்கிறார்கள், அதுவே விநோதமாக இருக்கிறது. வீடு ஒற்றை அறை, ஜன்னல் கிழக்குப் பார்த்தது. ராத்திரி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, போட்டேனா என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன்.

அம்மா போன் செய்தாள்.

"இன்னிக்கு ஊத்தல" என்றாள், ஹலோ சொல்வதற்கு முன்னால்.

"அரிசி களஞ்ச தண்ணிய என்ன செஞ்ச?"

"கீழ எறங்கிப் போயி ஜெபராணி வீட்டு முருங்கைக்கு ஊத்திட்டு வந்தேன். ரெண்டு மாடி. காலு ஒண்ணும் செய்யல." கொஞ்சம் நிறுத்தினாள். "எலக்குட்டி எல்லாம் நல்லா இருக்கு. தெனமும் பாக்கேன். தொடல."

"சரிம்மா."

"சாப்டியா?"

"சாப்ட்டேன்."

சாப்பிடவில்லை. போனை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். அந்தத் தட்டிலிருந்து ஒரே ஒரு குட்டியைத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்து மடியிலேயே கொண்டுவந்திருந்தேன். மண் காய்ந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிய பிறகுதான் ஞாபகம் வந்தது, காலையிலும் ஊற்றியிருந்தேன். நேற்றும்.